பிறந்த வீட்டுக் கம்ப்யூட்டர்

ஒத்தக்கடையில் நாங்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, என் தம்பி சீராகக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தான். பிறந்த வீட்டுச் சீர் என்றால் எங்கள் பக்கம் பித்தளைக் குடம், கேஸ் அடுப்பு, பீரோ, கட்டில் என்று ஒரு வரிசை உண்டு. கை கொஞ்சம் தாராளமாக இருந்தால் வாஷிங் மெஷின் வரும். கம்ப்யூட்டர் வந்து நான் பார்த்ததில்லை. எங்கள் தெருவும் பார்த்ததில்லை என்பது வாசலில் கூடிய கூட்டத்தைப் பார்த்தபோது தெரிந்தது.

அதை அவன் கொண்டுவந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். நிறையவும் தெரிய வேண்டும். பழம், பூ, சேலை, வேட்டி, இனிப்பு என்று அடுக்கிப் பார்த்திருக்கிறான். வரிசை நீளமாகத் தெரியவில்லை. உடனே கம்ப்யூட்டரைப் பிரித்துவிட்டான். திரை ஒரு தாம்பாளத்தில், கீபோர்டு ஒன்றில், ஸ்பீக்கர்கள் ஆளுக்கொரு தட்டில், திரைக்கு மேலே ஒட்டுகிற குட்டிக் கேமரா ஒன்றில். அப்படியும் இரட்டைப்படையில் வந்து நின்றதால் மவுஸுக்குத் தனித்தட்டு. வெற்றிலையை வட்டமாக அடுக்கி, நடுவில் மவுஸை வைத்து, அதன் வாலைச் சுற்றி மல்லிகைச் சரம் போட்டு, எங்கள் சித்தி அதைப் பயபக்தியோடு ஏந்தி வந்தார். சிபியூ என்கிற கறுப்புப் பெட்டியை மட்டும் தம்பி யாரிடமும் கொடுக்கவில்லை. துண்டை மடித்துப் போட்டு, பெட்டியைத் தோளில் ஏற்றி, கொட்டுக்காரர்களுக்குப் பின்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்து வந்தான்.

எனக்குக் கல்யாணம் ஆனபோது எங்கள் அப்பா இல்லை. தம்பி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அம்மா தன்னால் ஆனதைச் செய்தார். சோழவந்தானில் எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. அதனால் சீரில் வெற்றிலைக்குக் குறைவில்லை. என் வீட்டுக்காரருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், சாமான்களைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "வெத்தலைக் கட்டு மட்டும் நெறைய இருக்கு" என்று சபை நடுவில் சொன்னார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்தில் நின்ற தம்பியின் முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். இப்போது அம்மாவும் இல்லை. கொடிக்காலை அவனே பார்க்கிறான். அவன் தனியாளாகத் தலையெடுத்துச் செய்த முதல் சீர் இது. அவன் முகம் மறுபடி அப்படிச் சுருங்கக் கூடாது. கம்ப்யூட்டர் ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி, எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அது ஓடவில்லை.

முதல் நாளே சகுனம் தெரிந்தது. வீட்டுக்குள் வருகிற பொருளுக்குப் பொட்டு வைத்து உள்ளே வாங்குவது மூத்தவள் என்ற முறையில் நாத்தனாரின் வேலை. அவர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். கிண்ணத்துச் சந்தனத்தை மூன்று விரலால் வழித்து, திரையின் நெற்றியில் ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று, ஸ்பீக்கர்களின் கன்னத்தில் ஒவ்வொன்று என்று அப்பினார். கேமராவில் வட்டமாக ஓர் இடம் இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, அதிலேயே வைத்து மேலே குங்குமமும் வைத்தார். சிபியூ முகத்தில் சல்லடைபோல் ஓட்டைகள் இருந்தன. அங்கே கொஞ்சம் தாராளமாகவே வைத்தார்.

டிபன் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. கூடத்து மேசையில் எல்லாவற்றையும் மாட்டி, தம்பி பொத்தானை அமுக்கினான். பெட்டி உறுமியது. திரையில் ஒரு சின்ன வட்டம் தோன்றிச் சுற்றத் தொடங்கியது. எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். வட்டம் சுற்றியது. நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பந்திக்குப் போனார்கள். பொங்கலும் வடையும் சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"என்னத்தா, உன் தம்பி கம்ப்யூட்டர் இன்னும் தூங்கி எந்திரிக்கலையோ?" என்றார் நாத்தனார்.

"புதுசுன்னா அப்பிடித்தான் மதினி. நல்லா உள்ளுக்குள்ள எல்லாத்தையும் செட் பண்ணிட்டுத்தான் தொறக்கும்" என்றேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவள். தெரியாத விஷயத்தைத் தெரிந்த குரலில் சொல்வது எங்களுக்குத் தொழில்.

தம்பி என்னை நன்றியோடு பார்த்தான். அந்தப் பார்வையில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டருக்கு வக்கீலாக நான் படாதபாடு பட்டேன்.

அதன் குணங்களைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். திரையில் எல்லாமே ஊதா நிறத்தில் தெரியும். பால் காய்ச்சிய படங்களைப் போட்டுப் பார்த்தோம். இரண்டு குடும்பத்து ஆட்களும் காமாலைக்கு வேறு ஒரு நிறம் கண்டுபிடித்தவர்கள் மாதிரி நின்றிருந்தார்கள். கீபோர்டில் எழுத்துகள் சீக்கிரமே தேய்ந்து அழிந்தன. என் மகள் நெயில் பாலிஷால் எழுதி வைத்தாள். மவுஸை வலப்பக்கம் தள்ளினால் அம்பு கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே போகும். தண்ணீர் மோட்டாரைப் போட்டால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். வெறுங்காலோடு பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று ஒரு ஷாக் அடிக்கும். அதற்காகப் பூஜை அறையில் இருந்த மணைப்பலகையை எடுத்துவந்து மேசைக்கு அடியில் போட்டோம். என் மகள் பலகையில் காலை வைத்துக்கொண்டு பள்ளி வேலை செய்வதைப் பார்த்தால், ஏதோ சடங்குக்கு உட்கார்ந்திருப்பவள் மாதிரியே இருக்கும்.

என் வீட்டுக்காரர் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். நாள் முழுக்க நல்ல கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிட்டு வருகிற மனிதருக்கு வாய் சும்மா இருக்குமா?

"பொத்தானை அமுக்கிட்டு வண்டிய எடுத்துப் பரவைக்குப் போயி, காய்கறி வாங்கிட்டு, அப்பிடியே ரெண்டு பேர் வீட்டுல நலம் விசாரிச்சுட்டு வந்தா, கரெக்டா தொறந்திருக்கும்" என்பார். நாங்கள் இருப்பது மதுரைக்குக் கிழக்கே; பரவை மேற்கே, ஊரையே தாண்டிப் போக வேண்டும்.

"அவசரமா பாக்கணும்னா உங்க ஆபீஸ்லயே பாத்துட்டு வாங்க. இது நிதானமான கம்ப்யூட்டர்" என்பேன்.

"மாப்ள குடுத்ததாச்சே. நிதானமாத்தான் இருக்கும்."

தம்பியைக் குத்தும் இந்த 'மாப்ள'யில் எனக்குச் சுர்ரென்று ஏறும். உடனே வயரிங்கைப் பிடித்துக்கொள்வேன். வீட்டு வயரிங் அவர் பொறுப்பில், அவருக்குத் தெரிந்த ஆளை வைத்துச் செய்தது. வோல்டேஜ் சரியில்லை, எர்த் சரியில்லை, பிளக் பாயின்ட் லூஸ் என்று அடுக்குவேன். அவரும் ரோஷத்தில் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து காட்டினார். வந்தவர் எல்லாப் பாயின்டையும் சோதித்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனார். அவர் என் வீட்டுக்காரரின் சிநேகிதர் என்பதால் அந்தச் சாட்சி செல்லாது என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

தம்பி போன் செய்யும்போதெல்லாம் கடைசியில் ஒரு கேள்வி கேட்பான். கொடிக்காலில் தண்ணீர் பாய்ச்சியது, வெற்றிலை விலை, என் முழங்கால் வலி எல்லாம் பேசி முடித்துவிட்டு, சாதாரணமாகக் கேட்கிறவன் போல, "கம்ப்யூட்டர் எப்பிடிக்கா ஓடுது?" என்பான்.

"பறக்குதுடா" என்பேன், அணைந்து கிடக்கிற திரையைப் பார்த்துக்கொண்டே.

"பாப்பா நல்லாப் படிக்கட்டும்க்கா."

பாப்பா தன் வகுப்பு வேலையையெல்லாம் என் செல்போனில் முடித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அவளுக்கு ஆன்லைனில் ஒரு வகுப்பு. எப்படியோ வட்டம் சுற்றி முடிந்து கம்ப்யூட்டரும் திறந்துவிட்டது. டீச்சர், "ஏன்மா, உங்க வீட்டுல புகை மண்டிக் கெடக்கா? மூஞ்சியே தெரியல" என்று கேட்டிருக்கிறார். போய்ப் பார்த்தால் கேமராவின் கண்ணில் சந்தனம். பால் காய்ச்சிய அன்று வைத்தது, கல்லாகக் காய்ந்து கிடந்தது. ஊக்கால் சுரண்டி எடுத்தேன். சுரண்டிக்கொண்டிருக்கும்போதே என் கண் சிபியூவின் முகத்தில் இருந்த ஓட்டைகளுக்குப் போனது. பாதி ஓட்டைகளைச் சந்தனம் அடைத்துக்கொண்டிருந்தது.

அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? இத்தனை நாள் தோற்றுக்கொண்டிருந்த வழக்கில் கடைசியில் ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டார். அதுவும் யார்? வெற்றிலைக் கட்டைப் பற்றிப் பேசியவர்.

அன்று என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் சட்டைகூட மாற்றவிடாமல் கூட்டிப்போய்க் காட்டினேன். "பாருங்க. காத்துப் போற ஓட்டையில எல்லாம் உங்க அக்கா சந்தனத்தை அப்பி வச்சிருக்காங்க. உள்ள போயி எல்லாத்தையும் அடைச்சிருக்கும். பின்ன எப்பிடி ஓடும்? என் தம்பி குடுத்ததுல ஒரு குத்தமும் இல்ல."

அவர் குனிந்து பார்த்தார். சிரித்தார். அந்த மனிதரிடம் ஒரு குறை உண்டு. எதைச் சொன்னாலும் அதை அப்படியே தன் அக்காவிடம் ஒப்பித்துவிடுவார். இதையும் ஒப்பித்தார்.

நாத்தனார் போனில் வந்தார். ஸ்பீக்கரில் போடாமலேயே தெருமுனை வரை கேட்டிருக்கும். "ஏத்தா, நான் என் வயசுக்கு எம்புட்டுச் சாமானுக்குப் பொட்டு வச்சிருக்கேன். பைக்குக்கு வச்சிருக்கேன், டிராக்டருக்கு வச்சிருக்கேன், நெல்லறுக்குற மிசினுக்கு வச்சிருக்கேன். ஒண்ணாவது நின்னு போச்சா? உன் தம்பி கொண்டாந்த பெட்டிக்கு மட்டும் என் சந்தனம் ஆகாமப் போச்சோ?"

"டிராக்டருக்கு உள்ள சந்தனம் போனா பரவாயில்ல மதினி. இது நுணுக்கமான பொருளு."

"நுணுக்கமான பொருளா? அதான் சோறு திங்கிற வரைக்கும் வட்டம் போட்டுக்கிட்டு இருந்துச்சோ. அப்பத்தான் நான் பொட்டே வச்சிருந்தேன், உள்ள போக நேரம் எங்க இருந்துச்சு?"

 நியாயம் அவர் பக்கம் இருந்ததால் நான் குரலை உயர்த்தினேன். இரண்டு பேரும் உயர்த்தி உயர்த்தி, கடைசியில் பெட்டியைச் சர்வீஸுக்குக் கொண்டுபோய்த் திறந்து பார்த்துவிடுவது என்று முடிவானது. உள்ளே சந்தனம் இருந்தால் குற்றம் அவருடையது. இல்லாவிட்டால் என் தம்பியுடையது. வருகிற பொங்கலுக்கு இரண்டு வீடும் முகம் பார்க்குமா பார்க்காதா என்பது ஒரு கறுப்புப் பெட்டியின் வயிற்றுக்குள் இருந்தது.

பில் வேண்டுமே என்று தம்பிக்குப் போன் செய்தேன். "சும்மா ஒரு ஸ்க்ரூ லூஸாயிருக்குடா, டைட் வைக்கணும். பில் கேப்பாங்க" என்று பொய் சொன்னேன். பில்லைப் படம் எடுத்து அனுப்பினான். பார்த்தால் அது சீர்வரிசைக் கடையின் பில். கட்டில், பீரோ, கிரைண்டர் விற்கிற கடை. கம்ப்யூட்டர் வாங்கினால் பிளாஸ்டிக் டப் இலவசம் என்று போட்டிருந்தது. அந்த டப்பில்தான் நான் துணி ஊறவைக்கிறேன். அதில் இதுவரை ஒரு குறையும் இல்லை.

"ஏன்டா, எப்பிடிப் பாத்து வாங்குன?" என்று கேட்டேன்.

"நல்லாப் பாத்துத்தாங்க்கா வாங்குனேன்" என்றான் உற்சாகமாக. "கடையில நாலஞ்சு பெட்டி இருந்துச்சு. ஒவ்வொண்ணாத் தூக்கிப் பாத்தேன். மத்ததெல்லாம் தக்கை. இதுதான் நல்ல கனம். நம்ம அம்மா அண்டா குண்டா வாங்குறப்ப தூக்கித்தான பாக்கும்? தோள்ல வச்சு வந்தேன்ல, ரெண்டு நாளைக்கு வலி எடுத்துச்சு. அம்புட்டுக் கெட்டியான சாமான்க்கா."

அவன் குரலில் அவ்வளவு பெருமை இருந்தது. ஆமாடா, கெட்டியான சாமான்தான் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

சனிக்கிழமை என் வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாட்டுத்தாவணி வரை போனேன். இறங்கும்போது இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. சர்வீஸ் கடையில் இருந்தவர் செல்போனில் யாரிடமோ பேசிக்கொண்டே ஸ்க்ரூவைக் கழற்றினார். நான் மனதுக்குள் மீனாட்சியை வேண்டிக்கொண்டேன். சந்தனம் இருக்க வேண்டும், நிறைய இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சாமியிடம் இப்படி ஒரு கோரிக்கை அதற்கு முன் போயிருக்காது.

மூடி திறந்தது. உள்ளே பார்த்தால் காலி வீடு மாதிரி இருந்தது. ஒரு மூலையில் சின்னதாக ஒரு பச்சைப் பலகை, நாலைந்து வயர், ஒரு விசிறி. மற்றதெல்லாம் வெற்றிடம். சந்தனம் பொடியாகக்கூட இல்லை. அடியில் மட்டும் கறுப்பாக ஒரு பாளம், பெட்டியின் நீளத்துக்கு, போல்ட் போட்டு முறுக்கியிருந்தது.

"அது என்ன பார்ட்டுண்ணே?" என்று இவர் கேட்டார்.

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். ஸ்க்ரூ டிரைவரால் அதைத் தட்டினார். டங் என்றது. "இது பார்ட்டு இல்ல சார். இரும்பு."

"இரும்பு எதுக்கு?"

"கனத்துக்கு. தூக்கிப் பாத்து வாங்குறவுங்க இருக்காங்கள்ல, அவங்களுக்கு. போர்டெல்லாம் எதுலயோ கழட்டுன பழசு. பெட்டி மட்டும் புதுசு. இதுல செய்யிறதுக்கு ஒண்ணும் இல்ல சார்." அவர் போல்ட்டைக் கழற்றி இரும்பை எடுத்துத் தரையில் வைத்தார். "இது வேணுமா?"

வேண்டாம் என்று இவர் தலையசைத்தார்.   சீர்வரிசைக் கடைக்காரன் மேல் வந்த ஆத்திரத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தூக்கிப் பார்த்து வாங்கியவனைத் தூக்குகிற இடத்திலேயே ஏமாற்றியிருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது பெட்டி மடியில் இருப்பதே தெரியவில்லை. இவர் ஏதாவது சொல்லுவார், மாப்ள, இரும்பு, பேரீச்சம்பழம் என்று ஏதாவது கிண்டல் வரும் என்று காத்திருந்தேன். வந்தால் வண்டியிலிருந்து குதித்துவிடுவது என்றும் முடிவு செய்திருந்தேன். ஒத்தக்கடை வரை அவர் வாயைத் திறக்கவில்லை.

வாசலில் வண்டியை நிறுத்துவதற்குள் போன் அடித்தது. நாத்தனார்தான். எனக்கும் கேட்கட்டும் என்று அவரே ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"என்னடா தம்பி, தொறந்து பாத்தாங்களா? என்ன இருந்துச்சு? சந்தனமா, இல்ல சாமானே மட்டமா?"

நான் சுவரைப் பார்த்தேன். இரும்பு விஷயம் அவர் காதுக்குப் போனால் அன்று மாலைக்குள் சொந்தம் முழுக்கப் போய்விடும். அடுத்த கல்யாண வீட்டில் யாராவது ஒருவர் என் தம்பியைப் பார்த்து, எல்லாரும் சிரிக்கும்படி, கனம் சரியா இருக்கா என்று கேட்பார்.

இவர் தொண்டையைக் கனைத்தார். "ரெண்டும் இல்லக்கா. நான்தான். ஒருநா காபி குடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேனா, கை தவறிப் பெட்டிக்கு மேல கொட்டிருச்சு. அது உள்ள போயி எல்லாம் போச்சாம். சொன்னா இவ திட்டுவாளேன்னு சொல்லாம இருந்தேன்."

 போனில் நாத்தனார் பெருமூச்சு விட்டது கேட்டது. "நல்லவேளைடா. நான் அன்னைக்குச் சந்தனத்தைக் கொஞ்சம் கூடத்தான் வச்சுட்டேனோன்னு எனக்கே உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டு இருந்துச்சு. அந்தப் பிள்ள ஆசையாக் கொண்டாந்த பொருளாச்சே" என்றார். அதற்குப் பிறகு தன் தம்பியான இவரைத் திட்டினார். சின்ன வயதில் பாலைக் கொட்டியது, எண்ணெயைக் கொட்டியது என்று வரலாறு முழுக்க எடுத்துவைத்துத் திட்டினார். இவர் ஆமாக்கா, ஆமாக்கா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

போனை வைத்ததும் நான் அவரையே பார்த்தேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "தூக்கிப் பாத்து வாங்கிருக்கான்டி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்ததில்லை. அன்று ராத்திரிக்குப் பணியாரம் சுட்டுக் கொடுத்தேன்.

பொய்க்கு உண்டான கூலி அவருக்குக் கிடைத்தது. நாத்தனார் ஒரு சொந்தம் விடாமல் சொல்லிவிட்டார். வளைகாப்பு வீட்டில் இவருக்கு மட்டும் டம்ளரில் பாதிக் காபி ஊற்றினார்கள். ஒரு பெரியப்பா தன் புது மொபைலை எடுத்துச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் இவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இவர் எல்லாவற்றுக்கும் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். நாளாக ஆகக் கதையில் அவரே சேர்மானமும் சேர்க்கத் தொடங்கினார். காபி சூடாக இருந்தது, சர்க்கரை வேறு கூட இருந்தது, அதனால்தான் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது என்றெல்லாம் விளக்கினார். கேட்டுக்கேட்டு, உண்மையிலேயே கொட்டிவிட்டாரோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

பொங்கலுக்குச் சீர் கொண்டு தம்பி வந்தான். கரும்பையும் வெற்றிலைக் கட்டையும் இறக்கிவைத்துவிட்டு, நேராக இவரிடம் போனான்.

"மச்சான், மதினி சொன்னாங்க. அதுக்குப் போயி ஏன் மனசு கஷ்டப்படுறீங்க? மனுசன்னா கை தவறத்தான் செய்யும். நான் அதே கடையில அதே மாதிரி ஒண்ணு சொல்லிட்டு வந்துட்டேன். பழசைக் குடுத்தா எடுத்துக்கிறேன்னான். சாயந்தரம் கொண்டாந்து இறக்கிருவான்."

இவர் முகம் வெளிறியது. முறுக்குத் தட்டோடு நின்ற நான், "மொதல்ல முறுக்கு எடுத்துக்கடா" என்றேன்.

"அதெல்லாம் வேணாம் மாப்ள" என்றார் இவர். "கெடுத்தது நான். வாங்க வேண்டியதும் நான். அதுதான் மொறை."

"பிறந்த வீட்டுச் சீரு மச்சான். அது கொறைபட்டுக் கெடக்கக் கூடாது. நான்தான் வாங்கணும்."

"நான் சொல்றதக் கேளு மாப்ள."

"நீங்க பேசாம இருங்க மச்சான்."

இப்படி இருவரும் நியாயத்தை மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை நகர்த்தச் சொல்லி இவரை வெளியே கூப்பிட்டார். இவர் போனதும் தம்பி மேசைக்கு அருகே வந்தான். கடைக்காரன் வரும்போது கொடுக்க வாசலில் எடுத்து வைக்கலாம் என்று நினைத்து, வேட்டியை மடித்துக் கட்டி, காலை அகட்டி நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினான்.

பெட்டி விருட்டென்று அவன் தலைக்கு மேலே போய்விட்டது. கொஞ்சம் விட்டால் பின்பக்கம் விழுந்திருப்பான்.

மெதுவாகக் கீழே இறக்கினான். மறுபடி ஒருமுறை தூக்கிப் பார்த்தான். பிறகு மேசையில் வைத்துவிட்டு, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். அந்தக் கையும் தோளும் அதன் கனத்தை மறக்கவில்லை. நான் முறுக்குத் தட்டை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"காபி கொட்டுனா கனம் கொறையுமாக்கா?" என்றான்.

  அவன் என் முகத்தையே பார்த்தான். அவன் முகம் சுருங்குகிறதா என்றுதான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர் உள்ளே வந்தார். வந்த வேகத்திலேயே தொடங்கினார். "மாப்ள, ஒண்ணு நெனச்சுப் பாரு. நான் கெடுத்துட்டு, நீ திரும்ப வாங்கிக் குடுத்தா, ஊர்ல என்னை என்ன சொல்லுவாங்க? எனக்கு ஒரு மரியாத வேணாமா? அன்னைக்குக் காபி வேற நல்ல சூடு…"

தம்பி பொறுமையாகக் கேட்டான். சூடு, சர்க்கரை, ஒட்டிக்கொண்டது, எல்லாவற்றையும் கேட்டான். கேட்டு முடித்துவிட்டு, "சரி மச்சான். உங்க இஷ்டம். நீங்களே வாங்குங்க. நான் கடைக்காரன்ட்ட வேணாம்னு சொல்லிர்றேன்" என்றான். இனிமேல் காபியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக் குடிக்கும்படியும் சொன்னான்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினான். நான் பஸ் ஸ்டாப் வரை கூட நடந்தேன். மேலூர் ரோட்டில் பஸ்ஸெல்லாம் நிரம்பி வந்து நிற்காமல் போய்க்கொண்டிருந்தன.

"வருத்தமாடா?" என்று கேட்டேன்.

"கடைக்காரன் மேலதான் வருத்தம். அவன்ட்ட போயி நான் பேசிக்கிறேன்" என்றான்.  "உன் கல்யாணத்தன்னைக்கு மதினி வெத்தலைக் கட்டுன்னு சொன்னாங்கள்ல. அப்ப மச்சான் பக்கத்துலதான நின்னாரு. ஒரு வார்த்த சொல்லலையேன்னு எனக்கு மனசுக்குள்ள இருந்துக்கிட்டே இருந்துச்சுக்கா. இம்புட்டு வருஷமா. இப்ப இல்ல."

 அவன் தோளைத் தட்டினேன்.

"எனக்குத் தெரியும்னு மச்சான்ட்ட சொல்லிறாத. பாவம், அம்புட்டுக் கஷ்டப்பட்டுச் சொல்றாரு. நான் வாரேன்க்கா" என்று ஓடிப்போய் ஒரு பஸ்ஸின் படியில் தொற்றிக்கொண்டான்.

வீட்டுக்குத் திரும்பினேன். இவர் கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி, உன் தம்பியப் பேசியே மடக்கிட்டேன் பாத்தியா?" என்றார்.

ஆமாம் என்றேன்.